விபத்துக்கான காரணத்தைக் கண்டுபிடிப்பதில் கருவிகளின் பங்கு எவ்வளவு?

உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உடைந்த துண்டு கெடாமல் வந்தால்தான் கருவிக்கு வேலை.

ஒருமுறை ஒருவர் இரண்டாக முறிந்த பம்ப் ஷாஃப்டைக் கொண்டுவந்தார். சரியாகப் பொருந்துகிறதா என்று முறிந்த முகங்களைப் பலமுறை சேர்த்துப் பார்த்திருக்கிறார். போதாததற்குத் துரு போகட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் இருக்கிறார். உலோகச் சோர்வால், அதாவது விசை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் விரிசல் விட்டு வளர்ந்து, முறிந்த முகத்தில், அலை வடிந்த மணலில் இருப்பதுபோல வரிவரியாக வளைவுகள் தெரியும். அவை எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்திருக்கும். அவர் தேய்த்ததில் அந்தப் புள்ளியே போய்விட்டது. அப்புறம் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து என்ன பார்க்க?

கருவி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு தண்ணீர்த் தொட்டிதான். 1954 ஜனவரி 10 அன்று பிரிட்டனின் காமெட் ஜெட் விமானம் இத்தாலியின் எல்பா தீவருகே நடுவானில் சிதறியது. 35 பேர் இறந்தார்கள். தீ விபத்தாக இருக்கலாம் என்பது போன்ற ஊகங்களை வைத்துச் சில மாற்றங்கள் செய்து, மார்ச்சில் மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே இன்னொரு காமெட் விழுந்தது.

அதன்பிறகு பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் ஒரு காமெட்டின் உடற்பகுதியைத் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் வெளியேயும் நீர் நிரப்பி, பறக்கும்போது ஏறி இறங்கும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஏன் நீர்? காற்றால் அழுத்தினால் உடல் கிழியும்போது குண்டுபோல வெடித்துத் தடயம் சிதறிவிடும். நீர் அமுங்காது, கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும். பழைய பறப்புகளையும் சேர்த்துச் சுமார் 3,000 பறப்புக்குச் சமமான அழுத்தத்தில், ஜன்னல் மூலையொன்றில் உடல் கிழிந்தது.

எல்பா கடலிலிருந்து எடுத்த சிதைவுகளிலும் அதே உலோகச் சோர்வு. ‘சதுர ஜன்னல்தான் காமெட்டைக் கவிழ்த்தது’ என்று யூடியூபில் இன்றும் சொல்கிறார்கள். உண்மையில் எல்பா அருகே சிதறிய விமானத்தில் கிழிசல் தொடங்கியது பயணிகள் ஜன்னலில் இல்லை. ஆன்டெனாவுக்காகக் கூரையில் வெட்டிய திறப்பின் மூலையில்.