மகளுக்கு 'வள்ளி' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். என் ஆச்சி வள்ளியம்மையின் நினைவாக 'வள்ளி' என்று பெயர் வைக்க ஆசை. கணவரோ, "பழைய பெயர், பள்ளிக்கூடத்தில் வள்ளிக்கிழங்கு என்று கேலி செய்வார்கள்" என்கிறார். முருகனின் இளைய மனைவி பெயர் எதற்கு என்று மாமியாருக்கும் தயக்கம். இந்தப் பெயருக்கு என்னதான் பொருள்?

பதில்: தாராளமாக வையுங்கள், சகோதரி. உங்கள் கணவர் சொல்லும் கிழங்கிலிருந்தே தொடங்குகிறேன். வள்ளி என்றால் கொடி. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்த்தான், அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர் என்கிறது கந்தபுராணம். வேலூர் மாவட்டத்து வள்ளிமலையை அவள் வளர்ந்த இடமாகக் காட்டுவார்கள். கதிர்காமத்திலும் அவளுக்குக் கோயில் உண்டு. இலங்கையின் வேடர்கள் அவளைத் தங்கள் குலமகளாகவே கொண்டாடுகிறார்கள்.

மாமியாரின் தயக்கத்துக்கு வருவோம். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, கையில் கவணோடு ஆலோலம் பாடிக் கிளி விரட்டிக்கொண்டிருந்தவள் வள்ளி. அவளைத் தேடி வந்தவன் முருகன். வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டான். கந்தபுராணம் நிறைவதே வள்ளியின் திருமணத்தில்தான். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, காதலியின் அழகைச் சொல்ல வந்த நற்றிணைத் தலைவன், 'முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல' என்கிறான் (பாடல் 82). சங்கப் பாட்டில் இருந்து இன்றுவரை வீட்டுக்குள் புழங்கிவரும் பெண் பெயர்கள் நமக்கு அதிகம் இல்லை. இதை 'இளைய மனைவி பெயர்' என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வள்ளியையும் மகளுக்குச் சொல்லி வளருங்கள். தில்லையாடி வள்ளியம்மை, 1898-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். அங்கிருந்த இந்தியர்கள் மீதான 3 பவுண்டு வரியையும், அவர்களின் திருமணங்களைச் செல்லாதவை ஆக்கிய தீர்ப்பையும் எதிர்த்து 1913-இல் காந்தி நடத்திய போராட்டத்தில் சிறை போனாள். காய்ச்சலோடு வெளியே வந்தவளிடம் காந்தி, சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்றாள். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவளுக்கு வயது 16.

பழைய பெயர் என்பது உண்மைதான். ஆச்சி தலைமுறையில் வள்ளியம்மை, வள்ளிநாயகி, வள்ளிக்கண்ணு என்று தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆண்களுக்கும் வள்ளியப்பன், வள்ளிநாயகம் என்று வைத்தார்கள். இப்போது குறைந்துவிட்டது. அதனாலேயே உங்கள் மகளின் வகுப்பில் வள்ளி என்று கூப்பிட்டால் அநேகமாக அவள் ஒருத்திதான் திரும்பிப் பார்ப்பாள். கேலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பிள்ளைகள் எந்தப் பெயரையும் விட்டுவைப்பதில்லை. தினைப்புனக் கதையை முதலிலேயே சொல்லி வையுங்கள், கிழங்கு என்று எவனாவது சொன்னால் பதில் அவளிடமே இருக்கும்.

ஆச்சியின் முழுப் பெயரையே பதிந்துவிட்டு, வீட்டில் வள்ளி என்று கூப்பிடுவது என் விருப்பம். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது, அதனால் அவசரமில்லை. பதியும்போது 'ள்ளி' சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அமிர்தவல்லி, கனகவல்லி வழக்கத்தில் 'வல்லி' என்று தட்டச்சு செய்துவிடுவார்கள், அப்புறம் திருத்த அலைய வேண்டியிருக்கும்.