கள்ளச்சாவி வாங்கிவிட்டேன், குற்றமா?

கேள்வி: எனக்கு 24 வயது. செங்காங்கில் அம்மா, பாட்டியுடன் இருக்கிறேன். சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் காணொளிகளைப் பார்த்து ஆசை வந்து, இணையத்தில் ஒரு கருவிப் பெட்டியும், உள்ளே இருப்பது தெரிகிற பயிற்சிப் பூட்டும் வாங்கினேன். பார்சலைப் பிரித்த அம்மா, "இது கள்ளச்சாவியாச்சே, போலிஸ் வரப்போகுது" என்று இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இதை வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றமா? எதிர்வீட்டு ஆன்ட்டி அடிக்கடி சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார், அவருக்கு உதவலாமா? டிசம்பரில் நண்பர்களோடு ஜப்பான் போகும்போது பொழுதுபோக்காக எடுத்துப் போகலாமா? இன்னொன்று: தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று பாட்டியிடம் இருக்கிறது. சாவி தொலைந்து பல வருடம் ஆகிறது. அதைத் திறக்கத்தான் இந்த ஆசையே தொடங்கியது.

பதில்: தம்பி, அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். நம் மொழியில் இந்தச் சாமானுக்கு இருக்கும் பெயரிலேயே கள்ளன் உட்கார்ந்திருக்கிறான். அதைக் கேட்டால் எந்த அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கும்.

முதலில் சட்டம். பூட்டு திறக்கும் கம்பிகளை வாங்கவே கூடாது என்று தனியாக ஒரு சட்டம் இங்கே இல்லை. ஆனால் 1906ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் பலதரப்பட்ட குற்றங்கள் சட்டம், வீடு உடைக்கும் கருவியைத் தகுந்த காரணம் இல்லாமல் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பும் வைத்திருந்தவர் தலையில்தான். பொதுவாகக் குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இங்கே "எனக்கு இது பொழுதுபோக்கு" என்பதை நம்பும்படி காட்ட வேண்டியவர் நீங்கள்.

அதனால் கம்பி ஒன்றாக இருந்தாலும், அது இருக்கும் இடத்தைப் பொறுத்து உங்கள் நிலைமை மாறிவிடும். உங்கள் மேசை இழுப்பறையில், பயிற்சிப் பூட்டுகளோடு, வாங்கிய ரசீதோடு இருந்தால் பார்ப்பவருக்கே கதை புரியும். அதே கம்பி இரவு இரண்டு மணிக்கு, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு புளோக்கின் மாடிப்படியில் உங்கள் பையில் இருந்தால்? கையுறையும் டார்ச் லைட்டும் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். சட்டம் "வைத்திருப்பது" என்றுதான் சொல்கிறது, வீட்டுக்குள் என்றும் வெளியே என்றும் பிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் காரணம் சொல்வது எளிது, வெளியே கஷ்டம். எனவே சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரியாதீர்கள். நண்பர்களுக்குக் காட்ட வேண்டுமா, அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் கடை விரிக்க வேண்டாம்.

வாங்குவதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஐந்தாறு கம்பி, பூட்டுருளையைத் திருப்பிப் பிடிக்க ஒரு டென்ஷன் ரென்ச், ஒரு பயிற்சிப் பூட்டு, கற்றுக்கொள்பவருக்கு இவ்வளவு போதும். கார் கதவு திறக்கும் கம்பிகள், தட்டித் திறக்கும் பம்ப் சாவி, துப்பாக்கி மாதிரி விசை அழுத்தும் கருவி எல்லாம் விலை மலிவு என்று கூடையில் போடாதீர்கள். பொழுதுபோக்கு என்று நீங்கள் சொல்வதை அவை பலவீனமாக்கிவிடும். கார் இல்லையென்றால் கார் கதவுக் கருவிக்கு என்ன காரணம் சொல்வீர்கள்? அப்புறம், 2023 முதல், இங்கே வரிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் வாங்கி விமானத்தில் வரும் 400 வெள்ளி வரையிலான பார்சலுக்கும் பொருள் சேவை வரி உண்டு. அது சட்டச் சிக்கல் இல்லை, பர்ஸுக்குச் சிக்கல்.

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் உலகம் முழுக்க இரண்டு விதிகளைச் சொல்வார்கள்: உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே, தினமும் பயன்படும் பூட்டையும் தொடாதே. முதலாவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவதை நம் வீடுகளில் நினைத்துப் பாருங்கள். பயிற்சி என்று வாசல் கேட் பூட்டைக் கிண்டி, உள்ளே இருக்கும் சின்ன உலோகக் குச்சிகளில் (பின்) ஒன்று சிக்கிக்கொண்டால், வேலை முடிந்து வரும் அம்மா நடைபாதையில்தான் நிற்க வேண்டும். கீழே இருக்கும் தபால் பெட்டி வரிசை, நடைபாதை மின்சார அலமாரி, நிறுத்தி வைத்த சைக்கிள்கள் பக்கம் போகவே போகாதீர்கள். பழைய பூட்டு வேண்டுமென்றால் முன்பு சுங்கை ரோடு சந்தையில் அள்ளலாம். 2017ல் அதை மூடிவிட்டார்கள். இப்போது சாவி வெட்டும் கடைக்காரரிடம் கழித்துப்போட்ட பூட்டு கேட்டுப் பாருங்கள்.

எதிர்வீட்டு ஆன்ட்டி விஷயத்தில்தான் எனக்குக் கவலை. நல்ல மனசு, ஆனால் வேண்டாம். ஒருமுறை நானே வெளியே மாட்டிக்கொண்டு பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டேன். அவர் கருவியை எடுக்கும் முன் என் அடையாள அட்டையைக் கேட்டார். அது உள்ளே இருக்கிறது என்றேன். அப்படியென்றால் திறந்ததும் முதல் வேலையாக அதைக் காட்ட வேண்டும் என்றார். அன்று எரிச்சலாக இருந்தது, இன்று அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. நீங்கள் ஆன்ட்டியிடம் அடையாள அட்டை கேட்பீர்களா? கூச்சப்படுவீர்கள். ஆன்ட்டிக்குத் திறந்துகொடுத்தால் அடுத்த வாரம் பத்தாம் மாடிக்காரர் வருவார். அவர் மனைவியைப் பிரிந்து வாழ்பவராகவோ, வாடகை பாக்கியில் வெளியேற்றப்பட்டவராகவோ இருக்கலாம், உங்களுக்கு எப்படித் தெரியும்? அத்துமீறி நுழையும் எண்ணத்தோடு பூட்டைத் திறந்து உள்ளே போவதும் தண்டனைச் சட்டத்தில் வீடு உடைத்தல்தான், கதவில் ஒரு கீறல்கூட விழ வேண்டியதில்லை. அந்த எண்ணம் அவருடையதாக இருந்தாலும் திறந்த கை உங்களுடையது. ஆன்ட்டியின் மாற்றுச் சாவி ஒன்றை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஜப்பானுக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். அங்கே 2003ல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தொழில் போன்ற நியாயமான காரணம் இல்லாமல் பூட்டு திறக்கும் சிறப்புக் கருவியை வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறை அல்லது 5,00,000 யென் வரை அபராதம். ஹோட்டல் அறைப் பெட்டிக்குள் இருந்தது என்பது பதிலாகாது. ஜோகூருக்கு ஒருநாள் போனாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

எப்போதாவது காவல்துறை அதிகாரி கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள், ரசீதைக் காட்டுங்கள், கெட்டிக்காரத்தனம் வேண்டாம். விசாரணை என்று வந்துவிட்டால் பத்திரிகைப் பதிலை நம்பாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் பிரச்சினை என்றால் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவச சட்ட ஆலோசனைக்கு விண்ணப்பிக்கலாம்.

அம்மாவிடம் சொல்ல ஒரு கதை. 1851ல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்தபோது, ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பல பத்தாண்டுகளாக யாராலும் திறக்க முடியாத, பிராமா என்ற லண்டன் நிறுவனத்தின் பூட்டைச் சவால் ஏற்றுத் திறந்தார். 51 மணி நேர வேலை, 16 நாளாகப் பிரித்துச் செய்தார். கிடைத்தது ஜெயில் இல்லை, 200 கினி (அந்தக் காலப் பிரிட்டிஷ் பணம்) பரிசு. ஆனால் பூட்டுக்காரர்களே அனுமதி கொடுத்து, ஊரறியச் செய்த காரியம் அது.

கடைசியாகத் தாத்தாவின் பெட்டி. ஊரிலிருந்து வந்த பெட்டி என்றால் அதில் தொங்குவது திண்டுக்கல் பூட்டாக இருக்கலாம். அந்த வகைப் பழைய பூட்டுகளுக்குள் பெரும்பாலும் சாவி தூக்கி நகர்த்தும் தட்டையான நெம்புத் தகடுகள்தான், நீங்கள் பழகும் பூட்டில் இருக்கிற பின்கள் இல்லை. உங்கள் கம்பி அதில் வேலை செய்யாது, வேறு வகைக் கருவி வேண்டும். முரட்டுத்தனமாக முயன்றால் நல்ல பழைய பூட்டு பாழாகும். அதற்கு முன் பாட்டியிடம் கேட்டீர்களா? பெட்டி இப்போது அவருடையது. இத்தனை வருடம் அவர் ஒரு பூட்டுக்காரரைக் கூப்பிடவில்லை என்றால், திறக்க வேண்டாம் என்றுகூட நினைத்திருக்கலாம்.