பிறந்த தேதி எதற்கு?

ஐயா, வணக்கம். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து நாட்குறிப்பு எழுதும் செயலி ஒன்றை நடத்துகிறேன். எழுதுவதெல்லாம் மறையாக்கம் ஆகிவிடும், எங்களாலேயே படிக்க முடியாது. ஆனாலும் வருகிறவர்களில் பாதிப்பேர் மூன்றே மாதத்தில் போய்விடுகிறார்கள். நிலைத்த நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது? பாதுகாப்புத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கினால் உதவுமா?
க.

அன்புள்ள க.,

சான்றிதழ் வாங்குங்கள், கெடுதல் இல்லை. உங்கள் செயலியில் பதிவுசெய்யப் போனேன். பெயர், கைபேசி எண், பிறந்த தேதி கேட்டது. கைபேசி எண்கூடப் போகட்டும். நாட்குறிப்பு எழுதுகிறவன் என்றைக்குப் பிறந்தால் உங்களுக்கு என்ன தம்பி?

முல்வாட் என்று ஸ்வீடனில் ஒரு விபிஎன் நிறுவனம், இணையத்தில் நம் முகவரியை மறைத்துத் தரும் சேவை. கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம். ஓர் எண் தருவார்கள், அவ்வளவுதான். உறையில் பணத்தைப் போட்டு அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள். 2023 ஏப்ரலில் போலீஸ் தேடுதல் ஆணையோடு அலுவலகத்துக்கே வந்தது. தேடி வந்த வாடிக்கையாளர் விவரம் அங்கே இல்லவே இல்லை, வெறுங்கையோடு திரும்பினார்கள். 2016இல் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு அமெரிக்காவில் ஆணை வந்தபோது கொடுக்க முடிந்தது இரண்டுதான்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். இந்த இருவரும் வீராவேசமாக எதையும் காப்பாற்றவில்லை. கையில் இல்லை, அதனால் கொடுக்கவில்லை. நீங்களோ வாங்கி வைத்துவிட்டுப் பூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். போன மாதம் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். தன் மணமுறிவைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு எழுதிய கடிதத்தை அழித்துவிடச் சொன்னார். அழித்தேன், பதிலும் போட்டேன். அப்புறம் பார்த்தால் பழைய மடிக்கணினியில் ஒரு பிரதி, வன்தட்டில் ஒன்று, எப்போதோ தானாக இணையத்தில் உள்ள மேகச் சேமிப்புக் கணக்கில் ஏறிக்கொண்டது ஒன்று. எதையும் நான் யாருக்கும் காட்டியதில்லை. எடுத்துப் படித்ததும் இல்லை. சும்மா கிடந்தது. ஆனால் அந்த மடிக்கணினியை ஒருமுறை பழுதுபார்க்கக் கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் வாங்கினேன். அதையும் சேர்த்து அவருக்கு எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

சரி, உங்கள் விஷயம். அந்தப் பிறந்த தேதிக் கட்டத்தை இன்றைக்கே எடுங்கள். இதுவரை வாங்கி வைத்ததையும்தான், காப்புப் பிரதிகளில் கிடப்பது உட்பட.