மறு: ஒரே சுற்று, அண்ட் கேட்டா ஆர் கேட்டா?

இரண்டு உள்ளீடும் 5 வோல்ட் ஆக இருந்தால் மட்டும் 5 வோல்ட் தரும் சுற்றை, 5 வோல்ட்டை 1 என்று வாசித்து, நீங்கள் அண்ட் (AND: இரண்டும் 1 ஆனால் மட்டும் 1 தரும் தர்க்கச் சுற்று) என்கிறீர்கள். 5 வோல்ட்டை 0 என்றும் 0 வோல்ட்டை 1 என்றும் வாசிக்கும் நண்பர் ஆர் (OR: ஒன்றாவது 1 ஆனால் 1 தருவது) என்கிறார். இரண்டுமே சரி. "ஆக, கணிப்பு (computation, கணினி செய்யும் வேலை) என்பதே பார்ப்பவர் கற்பனை" என்று உங்கள் கட்டுரையில் நீங்கள் தாவியதுதான் தவறு.

0, 1 எதுவும் எழுதாமல் முதலில் வோல்ட் அட்டவணையை மட்டும் போடுங்கள். நான்கு வரிசை, வெளியீடு ஒன்றில் 5, மூன்றில் 0. இனி உங்கள் வாசிப்பில் வெளியீட்டின் பெயரை மட்டும் புரட்டினால் நாண்ட் (NAND, அண்டின் எதிர்மறை), உள்ளீடுகளின் பெயரை மட்டும் புரட்டினால் நார் (NOR, ஆரின் எதிர்மறை). ஆனால் கம்பிக்குக் கம்பி வேறு பெயர் வைத்தாலும் எக்ஸார் (XOR: உள்ளீடுகள் வேறுபட்டால் மட்டும் 1 தருவது) வரவே வராது. ஒன்றுக்கு மூன்று என்ற பிரிவு பெயர் மாற்றத்தால் கலையாது. எக்ஸாருக்கு இரண்டுக்கு இரண்டு வேண்டும். இது யாருடைய கற்பனையும் இல்லை.

"அப்படியானால் ஒரு கல்லும் கணிக்கிறது என்று சொல்லலாமா?" என்று நீங்கள் கேட்ட விஷயம் வேறு. சாதாரணப் பொருள் எதுவும் எந்த முடிவுறு தானியங்கியையும் (குறிப்பிட்ட எண்ணிக்கை நிலைகளுக்குள் விதிப்படி மாறும் கற்பனை இயந்திரம்) நிறைவேற்றும் என்று தத்துவவாதி ஹிலாரி புட்னம் 1988இல் வாதிட்டார். பொருளின் நிலைகளைத் தானியங்கியின் நிலைகளோடு இணைக்கும் அந்தப் பொருத்தம் நடந்து முடிந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒட்டப்படுவது. உள்ளீடு வேறாக இருந்திருந்தால் என்ன வந்திருக்கும்? கல்லிடம் பதில் இல்லை, உங்கள் சுற்றிடம் நான்கு வரிசைக்கும் உண்டு. கட்டுரையில் இந்த இடத்தை விரித்து எழுதுங்கள்.