டிப்பர் கிளப்பும் தூசுக்கு என்ன கணக்கு?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய மண் ரோட்டில் நாள் முழுக்க ஜல்லி டிப்பர்கள் ஓடுகின்றன. காயப்போட்ட துணி, மாட்டுத் தீவனம் எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. மாடியில் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, "பி.எம்.10 (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் அதற்குக் குறைவுமான தூசு) அளவு 92தான், வரம்பு 100" என்று சொல்லிவிட்டார்கள். ரோட்டிலிருந்து கிளம்பும் தூசை மட்டும் அளக்க முடியாதா?
– ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

முடியும் அம்மா. மாடியில் வைத்த கருவி உங்கள் வீட்டுக் காற்றைத்தான் அளந்தது, ரோட்டை அல்ல. கன மீட்டர் காற்றுக்கு 100 மைக்ரோகிராம் என்ற அந்த வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கானது. டிப்பர் ஓடாத ராத்திரியும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடும். கருவியில் தூசு படியும் ஃபில்டரை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால், பகல் ஃபில்டரின் அளவைத் தனியாகக் கேளுங்கள். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்து ரோட்டுப் பக்கம் அடித்திருந்தால் அந்த 92-க்கு அர்த்தமே இல்லை.

சரியாக அளப்பதென்றால் ரோட்டின் இரு பக்கமும் கருவி வேண்டும். காற்று வரும் பக்கத்தில் ஒன்று, போகும் பக்கத்தில் கம்பம் நட்டு வெவ்வேறு உயரங்களில் சில. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் காற்றின் வேகத்தையும் வைத்து, ஒரு வண்டி கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கிளப்புகிறது என்று கணக்கிடலாம். அமெரிக்காவின் நெவாடாவில் ஓர் ஆய்வு நிறுவனம் வேனின் முன் டயர்களுக்குப் பின்னாலேயே குழாய் வைத்து, ஓடிக்கொண்டே தூசை அளக்கிறது. நம் ஊருக்கு அப்படி ஒரு வேன் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

நான் தூசு அளக்கும் வேலையில் இருந்தபோது அதிகம் நம்பியது துடைப்பத்தையும் முறத்தையும்தான். ரோட்டின் குறுக்கே ஓர் அடி அகலத்துக்கு உதிரி மண்ணை முழுக்கக் கூட்டி எடுத்து, அடுப்பில் உலர்த்தி, 75 மைக்ரான் (0.075 மி.மீ.) சல்லடையில் சலிக்க வேண்டும். கீழே இறங்கும் பொடி எத்தனை சதவீதம் என்பதுதான் முக்கியம். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஏ.பி.-42 என்ற காற்று மாசுக் கணக்குத் தொகுப்பில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. பொடி 8.3 சதவீதம் (கல்குவாரி ரோடுகளுக்கு அவர்கள் தரும் சராசரி), லோடோடும் காலியாகவும் போகும் வண்டியின் சராசரி எடை 19 டன் என்று போட்டால், காய்ந்த ரோட்டில் ஒரு டிப்பர் கிலோமீட்டருக்குச் சுமார் 730 கிராம் பி.எம்.10 கிளப்பும். காலியாகத் திரும்பும் நடையையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். உங்கள் ரோட்டின் பொடியை நீங்களே அளந்து போட்டால் அந்தக் கணக்கை யாரும் சுலபமாக ஒதுக்க முடியாது.

அளக்கும் நாளுக்கு முன்தினம் ரோட்டில் தண்ணீர் அடித்தார்களா என்றும் பாருங்கள். மேல்மண்ணின் ஈரம் இரண்டு மடங்கானாலே தூசு முக்கால்வாசி அடங்கிவிடும். ஆகவே தினமும் ரோடு காயக் காய அளவாக அடித்தாலே போதும். வருஷத்தில் ஒருநாள் மட்டும் வெள்ளமாக விடுவது வேறு விஷயம்!

கேள்வி: ஆன்லைனில் விற்கும் சின்ன தூசு மீட்டர் வாங்கலாமா?
– மற்றொரு வாசகர்

புகைக்கு உதவும். ரோட்டுத் தூசுக்கு வேண்டாம். அதற்குள் இருக்கும் மலிவு லேசர் சென்சார் நுண்ணிய துகள்களைத்தான் நன்றாகப் பார்க்கும், பருமனான மண் துகள்களில் பெரும்பகுதியை விட்டுவிடும். திரையில் பி.எம்.10 என்று ஓர் எண் வந்தாலும், அது உண்மையில் இருப்பதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். அந்த எண்ணோடு போனால் எதிர்த்தரப்புக்குத்தான் வசதி.