காதல் நாவல் எழுதுபவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? கதைகள் எங்கிருந்து வருகின்றன?

கேள்வியின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இவர்கள் எந்நேரமும் ஒரு காதல் மயக்கத்திலேயே இருப்பார்களா?" எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீடு மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில். வேலை கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனில், சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பது. பல ஆண்டுகளாகத் தமிழில் காதல் நாவல்கள் எழுதி வருகிறேன். முதலில் இணையத்தில் தொடராக வரும், முடிந்த பிறகு கிண்டிலில் மின்னூலாகப் போகும். மயக்கத்துக்கு இதில் இடமே இல்லை. ஒருவரையொருவர் விரும்பும் இந்த இரண்டு பேரும் ஏன் இன்னும் ஒன்று சேரவில்லை? என் நாளில் பெரும்பகுதி இந்தக் கேள்வியோடுதான் போகிறது. அதற்குப் பொய்யில்லாத ஒரு காரணம் அகப்பட்டால் நாவல் வந்துவிடும். அகப்படாவிட்டால் எத்தனை நிலவையும் மழையையும் அள்ளிக் கொட்டினாலும் பத்தாவது அத்தியாயத்தில் கதை படுத்துவிடும்.

அன்றாடம் என்று பார்த்தால், விடியுமுன் எழுதுகிறேன். வீட்டுக்காரரும் மகனும் எழுவதற்கு முன்னால் கிடைக்கும் நேரம் மட்டும்தான் என் கைக்கு முழுசாக வருகிறது. சமையலறை மேசை, மடிக்கணினி, பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ. தட்டச்சு முரசு அஞ்சலில். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய மென்பொருள் அது. அதில் பழகிய விரலுக்கு வேறு எதுவும் சரிப்படவில்லை. முதலில் உரையாடலை மட்டும் எழுதுவேன். அவள் என்ன சொன்னாள், அவன் என்ன சொன்னான், யார் பதில் சொல்லாமல் விட்டார்கள். அறை, வெளிச்சம், உடை எல்லாம் பிறகு. பேச்சு மட்டும் தனியாக நின்று இழுக்கவில்லை என்றால் வருணனை அதைக் காப்பாற்றாது.

அப்புறம் காலைப் பசியாறல், தீவுக்குப் போகும் ஃபெரி, அலுவலகம். ஃபெரியில் எழுத மாட்டேன், காது கொடுப்பேன். தொலைபேசியில் தாழ்ந்த குரலில் சண்டை போடுபவர்களிடம் கற்றுக்கொண்டது எனக்கு நிறைய. நிஜ வாழ்க்கையில் காதலர்கள் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று சண்டை போடுவதில்லை. ஓவர்டைம் ஏன் எடுத்தாய், அம்மாவிடம் ஏன் அப்படிச் சொன்னாய், கார் தவணை யார் கட்டுவது என்று போடுகிறார்கள். மனதில் பட்ட வரியைக் கைப்பேசியில் குறித்துக்கொள்வேன். மாலையில் சமையல், மகனின் பள்ளிப்பாடம். இரவில் வாசகர்களின் கருத்துகளைப் படித்துவிட்டுத் தூக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான்.

கதை எங்கிருந்து வருகிறது என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம். பழைய காதல் கதைகளில் தடைக்குப் பஞ்சமே இல்லை. சாதி, பணம், வில்லன் மாமா, தவறிப்போன கடிதம். இன்றைக்கு ஒரு கைப்பேசிச் செய்தியில் தீரக்கூடிய குழப்பத்தை நாற்பது அத்தியாயத்துக்கு இழுத்தால் வாசகி கோபப்படுவாள், அவள் கோபம் நியாயம். சாதி இன்னும் போகவில்லைதான். ஆனால் அதை வைத்து எழுதினால் வெறும் தடைக்கல்லாக வைக்க மனம் வருவதில்லை, அதைப் பற்றியே எழுத வேண்டும். ஆகவே நான் தேடுவது யாரும் கெட்டவராக இல்லாத ஒரு தடை. அப்படி ஒன்று மலேசியத் தமிழர் வாழ்க்கையில் நம் கண்ணெதிரே கிடக்கிறது: ரெஜிஸ்டர் பண்ணிய நாளுக்கும் தாலி கட்டும் நாளுக்கும் இடையில் இருக்கும் காலம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இங்கே முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவாக வேண்டும். அந்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் சட்டப்படி கணவன் மனைவி ஆகிவிட முடியாது. துணைப் பதிவாளர் இருக்கும் கோயில்களில் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் பலர் முன்கூட்டியே ஜேபிஎன் எனப்படும் தேசியப் பதிவுத் துறைக்குப் போய்ப் பதிவு செய்துவிடுகிறார்கள். விண்ணப்பம் கொடுத்தால் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. ஆட்சேபம் உள்ளவர் அதற்குள் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு 21 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிறகு கையெழுத்து, மோதிரம், படம், சாப்பாடு. சட்டப்படி கல்யாணம் முடிந்தது. ஆனால் குடும்பத்தின் கண்ணில் முடியவில்லை. பெண் தன் வீட்டுக்குத் திரும்புகிறாள், பையன் தன் வீட்டுக்கு. தாலி ஏறும்வரை இப்படித்தான். சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல்.

என் நாவல் ஒன்று இந்த இடைவெளியில்தான் முழுதாக நடக்கிறது. அவள் தாதி. அவன் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைத் தொழில்நுட்பன். சேர்ந்து வீட்டுக் கடன் எடுப்பதற்காகச் சீக்கிரமே பதிவு செய்துகொள்கிறார்கள். தாலிக்கு நாள் குறித்த பிறகு அவளுடைய அப்பா இறந்துவிடுகிறார். ஒரு வருடத்துக்கு வீட்டில் சுபகாரியம் வேண்டாம் என்கிறார் அம்மா. யாரைக் குறை சொல்வீர்கள்? அம்மாவின் துக்கம் உண்மை. பையன் வீட்டார் காத்திருக்கிறோம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். வங்கி மட்டும் காத்திருக்காது. சிம்பாங் அம்பாட்டில் வாங்கிய வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது, தவணையும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அந்தக் காலி வீட்டுக்குப் போய்க் கூட்டித் துடைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அவரவர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். கணவன் மனைவிதான், ஆனால் அவர்கள் வீட்டில் அவர்களால் ஒரு இரவு தங்க முடியாது. பக்கத்து வீட்டு அம்மா "எப்போம்மா குடி வர்றீங்க?" என்று கேட்கும் காட்சியை எழுதும்போது கண் கலங்கியது.

அந்த வருடத்தில் அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கிறது. மனம் ஆட்டம் காண்கிறது. இங்கேதான் சட்டம் கதைக்குள் வந்தது. பதிவான திருமணம் இரண்டு வருடம் ஆகாமல் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது. மிகக் கடுமையான நிலை என்றால் மட்டும் நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். நிச்சயதார்த்தம் நின்றுபோவதும் இதுவும் ஒன்றல்ல. இன்னும் சேர்ந்தே வாழாத இருவர் பிரிய வேண்டுமென்றாலும் விவாகரத்துதான் வழி. பிரிவது சுலபமில்லை என்று தெரிந்த பிறகு, சேர்வதா என்பதை இருவரும் நிதானமாகப் பேச வேண்டி வருகிறது. அந்தப் பேச்சுதான் நாவலின் நடுமையம். ஒரே ஒரு நீண்ட அத்தியாயம், காலி வீட்டின் தரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதை எழுதத்தான் அதிக காலம் பிடித்தது.

அடுத்தது, விவரம் சரியாக இருக்க வேண்டும். காதல் கதைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்கவே கூடாது. காரோடு ஃபெரியில் ஏறி, காருக்குள் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு பினாங்குக்குப் போகும் காட்சி அழகானதுதான். ஆனால் அந்தப் பழைய ஃபெரிகளில் கார் ஏற்றுவது 2020 முடிவோடு நின்றது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகளில் ஆள் ஏறலாம், மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஏறலாம், கார் ஏறாது. ஆகவே இன்றைய கதையில் நாயகன் மோட்டாரில்தான் வந்தாக வேண்டும். யோசித்துப் பார்த்தால் அதுவே நல்லது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தூணோரம் நிற்பவனிடம் ஒருத்தி பேச்சுக் கொடுக்க முடியும், கண்ணாடி ஏற்றிய காரில் இருப்பவனிடம் முடியாது. தொழிற்சாலை ஷிப்டும் அப்படித்தான். 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எத்தனையோ குடும்பங்களின் தூக்க நேரத்தைத் தீர்மானித்து வருகிறது. பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் முடித்தவன் காலையில் எப்படிப் பேசுவான், எதை மறப்பான் என்பது தெரியாமல் அவனை எழுத முடியாது. என் சித்தி மகன் அந்த வேலையில் இருக்கிறான். அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன்.

தைப்பூசத்தை மட்டும் எளிதில் தொட மாட்டேன். பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு ரதம் போகும் வழியில் தேங்காய் உடைக்கும் கூட்டத்தில் இருவர் கண்கள் சந்திப்பதாக நம் ஊரில் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதினால் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால், குவளை கழுவும் இடத்தில் வைப்பேன். அங்கேதான் ஒருவர் சுபாவம் தெரியும்.

தொடராக எழுதுவது தனி வாழ்க்கை. ஒரு அத்தியாயம் போட்டதும் "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். யூடி என்றால் அப்டேட், அடுத்த அத்தியாயம். இங்கேயிருந்து, தமிழ்நாட்டிலிருந்து, வளைகுடாவிலிருந்து, கனடாவிலிருந்து. அந்த அன்பு பெரிய பலம். என் அம்மா காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்காகக் காத்திருப்பார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றபோது, வீட்டில் ஒரு ஆள் போனதுபோல் இருந்தார் அம்மா. இன்று அந்தக் காத்திருப்பு எனக்குக் கிடைக்கிறது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் முழு நாவலையும் ஒரு வரைவு முடிக்காமல் முதல் அத்தியாயத்தை ஏற்ற மாட்டேன். வாசகர்களின் ஆசைக்குத் தகுந்தபடி முடிவை மாற்றத் தொடங்கினால் பாத்திரங்கள் பொய் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம். ஆன்டி ஹீரோ என்று ஒரு வகை இணையத்தில் நன்றாக ஓடுகிறது. கடத்துவான், அறைவான், கட்டாயத் தாலி கட்டுவான், பிறகு அவளே அவனைக் காதலிப்பாள். "ஒரே ஒரு கதை அப்படி எழுதுங்கள், வாசிப்பு இரண்டு மடங்காகும்" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எழுத மாட்டேன். என் வாசகர்களில் பதினேழு வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். அடிப்பவன் மனதுக்குள் அன்பு இருக்கும் என்ற நம்பிக்கையை என் கையால் அவர்களுக்குக் கொடுக்க முடியாது. கோபக்கார நாயகனை எழுதியிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு போவான், இரண்டு நாள் பேசமாட்டான், பிறகு வந்து என்ன தப்பு என்று தானே சொல்வான். அதிலும் விறுவிறுப்பு உண்டு.

நெருக்கமான காட்சிகளைப் பற்றிப் பலர் தனிச்செய்தியில் கேட்கிறார்கள். எழுதுவேன். கூச்சம் என்னிடம் இல்லை. அவள் விருப்பம் அந்தக் காட்சியில் தெளிவாகத் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் நான் வைத்திருக்கும் விதி. மற்றபடி அந்த இருவரைப் பொறுத்தது. காலி வீட்டு நாவலில் நாற்பது அத்தியாயத்தில் அவர்கள் அதிகம் தொட்டுக்கொண்டது துடைப்பத்தைக் கை மாற்றும்போதுதான். அதற்கு வந்த கருத்துகளைப் போல வேறு எதற்கும் வந்ததில்லை.

பணம் பற்றி: வாசகர்கள் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் வாசித்த பக்கத்துக்குத் தகுந்தபடி வரும். ஒரு மாதம் மின்கட்டணத்துக்கும் சந்தைச் செலவுக்கும் போதும், இன்னொரு மாதம் போதாது. வேலையை விடும் எண்ணம் இல்லை. எழுதிச் சம்பாதித்த பணத்தில் மகனுக்குப் பள்ளிப் பை வாங்கினேன், அது பெரிய சந்தோஷம்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நாயகியின் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். பட்டர்வொர்த்தில் ஒரு மையம், அங்கே பழகிய தாதிகள், பழகிய நாற்காலி. நாயகனுக்குக் கோலாலம்பூரில் வேலை. ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருவர் வீட்டிலும் சம்மதம், பணமும் ஓரளவு இருக்கிறது, ஆனாலும் நாள் குறிக்க முடியவில்லை. உறவினர் ஒருவரோடு அப்படி ஒரு மையத்தில் உட்கார்ந்திருந்து நிறைய பார்த்துக்கொண்டேன். ஒரு இடம் மட்டும் பிடிபடவில்லை. கதையில் நாயகி, அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு வாரம் கோலாலம்பூரில் தங்கிப் பார்க்க நினைக்கிறாள். இதைப் படிப்பவர்களில் யாராவது அப்படிப் பெற்றோரை வெளியூருக்கு அழைத்துப் போயிருந்தால், அந்த ஒரு வாரத்துக்கு அங்கே டயாலிசிஸ் இடம் எப்படிப் பிடித்தீர்கள், எவ்வளவு முன்னதாகக் கேட்க வேண்டியிருந்தது, புது இடத்தில் அவர்கள் முதல் நாள் எப்படி இருந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த மூன்று அத்தியாயங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன.