ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களை அழித்த இலைச்சாற்றை நோயாளிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் தாவரவியல் முதுகலை மாணவி. எங்கள் ஊரை ஒட்டிய மலைக்காட்டில் வளரும் ஒரு குறுமரத்தின் இலையை அரைத்துக் கட்டிகளுக்குப் பூசுவது பெரியவர்களின் வழக்கம். அந்த இலையின் மெத்தனால் சாறு மார்பகப் புற்றுநோய்ச் செல்களை அழிப்பதாக எங்கள் கல்லூரிச் சோதனையில் தெரிந்தது. இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், கீமோதெரபி எடுத்துவரும் தம் மனைவிக்கு இலையைக் கஷாயமாக்கித் தரலாமா என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது? ஆய்வை எப்படித் தொடர்வது?

பதில்: உறவினரிடம் இன்றே பேசிவிடுங்கள், கொடுக்கக் கூடாது. கீமோதெரபி மருந்துகளில் பலவற்றைக் கல்லீரல் நொதிகளே மாற்றி வெளியேற்றுகின்றன. அந்த நொதிகளின் வேகத்தை ஒரு மூலிகை கூட்டினால் மருந்து பலனற்றுப் போகும். குறைத்தால் மருந்தே நஞ்சாகும். மனச்சோர்வுக்காக ஐரோப்பாவில் உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோட்டிகன் என்ற புற்றுநோய் மருந்தின் செயல்படும் வடிவத்தை நோயாளிகளின் இரத்தத்தில் சுமார் 42 விழுக்காடு குறைத்தது என 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. கஷாயம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், அதை மறைக்காமல் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி உங்கள் சோதனைக்கு வருவோம். தட்டில் வளரும் செல்களைக் கொல்வது கடினமான காரியம் அன்று. செறிவு கூடினால் சோப்பும் உப்பும்கூட அதைச் செய்யும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எந்த அளவில் பாதிச் செல்கள் இறந்தன என்பதே. பகுக்காத கச்சாச் சாறாக இருந்தால் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ என்பது, கவனிக்கத்தக்க சாறு எனப் பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு. 200, 300 என்று வந்தால் அந்தச் சாற்றின் பின்னால் ஓராண்டைச் செலவிட நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து, புற்று அல்லாத செல்களையும் அதே சாறு அதே அளவில் கொன்றதா என்று பாருங்கள். இலையில் உள்ள சப்போனின்கள் எந்தச் செல்லின் சவ்வையும் கிழித்துவிடும். டானின்கள் அகப்பட்ட புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்ளும். நீங்கள் செய்தது எம்டிடி சோதனை (உயிருள்ள செல்கள் உண்டாக்கும் ஊதா நிறத்தை அளக்கும் முறை) என்றால், சாற்றில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள் தாமாகவே அந்த நிறத்தை உண்டாக்கி அளவீட்டைக் குழப்பக்கூடும் என்பதால், செல்களே இல்லாத கிண்ணங்களிலும் சாற்றை இட்டுப் பார்ப்பது அவசியம்.

நல்ல முடிவு கிடைத்தாலும் அது மருந்தாகிவிடாது. மேலே சொன்ன இரினோட்டிகனின் வரலாற்றையே பாருங்கள். சீனாவின் கேம்ப்டோதெகா மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளை மன்ரோ வால், மன்சுக் வாணி ஆகியோரின் குழு பிரித்து அதன் அமைப்பை 1966-இல் வெளியிட்டது. நீரில் கரையாத அப்பொருளைச் சோடிய உப்பாக மாற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தபோது எலும்பு மஜ்ஜை ஒடுங்கியது, சிறுநீர்ப்பையில் இரத்தம் கசிந்தது, சோதனைகள் நிறுத்தப்பட்டன. உப்பாக மாற்றியபோது மூலக்கூறின் ஒரு வளையம் திறந்துகொண்டு வீரியம் போனதும், டோபோஐசோமரேஸ் 1 என்ற நொதியே அதன் இலக்கு என்பதும் பின்னரே தெரிந்தன. அந்த இலக்கு 1985-இல் அடையாளம் காணப்பட்ட பிறகுதான், வளையத்தைக் காத்தபடி அமைப்பைத் திருத்தி உருவாக்கிய டோபோடெகனும் இரினோட்டிகனும் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இடையில் ஓடியவை முப்பது ஆண்டுகள். இதே கேம்ப்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபொடைட்டீஸ் மரத்திலும் இருப்பதை டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் 1972-இல் கண்டறிந்தார்கள். அதன் பிறகு அந்த மரம் பல இடங்களில் வேரோடு வெட்டப்பட்டது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வைத் தொடர்வதென்றால், வேதியியலுக்கு முன்னால் செடியின் அடையாளத்தை உறுதிசெய்யுங்கள். பூவோ காயோ உள்ள கிளையை உலர்த்தி, எடுத்த இடம், உயரம், நாள் ஆகியவற்றோடு கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரிப்பகத்திலோ திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ அடையாளம் பெற்று, சான்று மாதிரியாகச் சேர்த்துவிடுங்கள். எடுத்த மரத்தையும் இடத்தையும் குறித்துவைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மலேசியாவின் சரவாக் காட்டில் 1987-இல் ஒரு புன்னை இன மரத்திலிருந்து எடுத்த மாதிரி எய்ட்ஸ் வைரஸைத் தடுத்தது. மீண்டும் தேடிப் போனபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது, அருகில் எடுத்த மற்ற மாதிரிகளில் அந்தச் செயல் இல்லை. இலை எந்த மாதத்தில் பறிக்கப்பட்டது, இளசா முற்றலா என்பதுகூட முடிவை மாற்றும்.

பிறகு சாற்றை ஹெக்சேன், எத்தில் அசிடேட், நீர் என்ற கரைப்பான்களால் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் செல்களில் சோதித்து, வீரியம் போகும் திசையிலேயே பிரித்துக்கொண்டு போக வேண்டும். இதற்கு ஒரு கரிம வேதியியலாளரின் துணை கட்டாயம். முடிவில் கிடைப்பது பெரும்பாலும் உர்சாலிக் அமிலம், குவெர்செட்டின் போன்று ஏற்கெனவே எத்தனையோ செடிகளில் கண்ட பொருளாகவே இருக்கும். அதனால் மூலக்கூறின் நிறையைக் கொண்டு பொருளை அடையாளம் காட்டும் நிறை நிறமாலையைத் தொடக்கத்திலேயே எடுத்துப் பார்ப்பது உழைப்பை மிச்சப்படுத்தும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர மாதிரிகளிலிருந்து 1,14,000 சாறுகளைச் சோதித்தும், மருந்தாக வந்து சேர்ந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவற்றுள் ஒன்றான பேக்லிடாக்சல், 1962-இல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் சேகரித்த பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்தது. அதற்கு அனுமதி கிடைத்தது 1992-இல்.

காப்புக்காட்டில் இலை பறிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். காப்புரிமை கோரும் எண்ணம் இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டறியுங்கள். அந்த இலையை உங்களுக்குக் காட்டிய பெரியவர்களின் பெயர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆய்வேட்டில் எழுதிவையுங்கள். அவர்கள் அதை மேலே பூசினார்களே தவிர உள்ளுக்குக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உறவினரிடமும் அதைச் சொல்லுங்கள்.